தப்பி ஓடும் சிறுவனை மீட்கும் சஸ்பென்ஸ் நாவல்: முதல்முறை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஊரை விட்டோ அடைத்து வைத்த இடத்தை விட்டோ ஓடும் ஒரு குழந்தையை மீட்பது பற்றி நாவல் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் துரத்தலில்தான் தொடங்குகிறார்கள். இருட்டு, மழை, ஓடும் கால்கள், பின்னால் ஒரு ஜீப். இருபது பக்கம் தாண்டியதும் கை நின்றுவிடுகிறது, ஏனென்றால் பிடிபடுவானா மாட்டானா என்ற கேள்விக்கு இரண்டே விடைகள்தாம் உண்டு, வாசகருக்கும் அது தெரியும். இவ்வகை நாவலைக் கடைசிப் பக்கம் வரை இழுத்துச் செல்லும் கேள்வி வேறு. இந்தக் குழந்தை யாரை நம்பலாம், யார் கையில் ஒப்படைக்கப்பட்டால் அது உண்மையிலேயே மீட்பு ஆகும் என்பதே அது. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாவலை எப்படிக் கட்டுவது என்பதை ஒரே எடுத்துக்காட்டை வைத்து இங்கே சொல்கிறேன்.

முதலில், குழந்தை எதிலிருந்து ஓடுகிறது என்பதை முடிவு செய்யுங்கள்

"கொடுமைக்காரர்கள்" என்று பொதுவாக வைத்துக்கொண்டால் நாவல் நிற்காது. யார், எங்கே, என்ன வேலைக்கு, எவ்வளவு பணம் கொடுத்து, யாரிடம் கொடுத்து என்று எழுதிப் பாருங்கள். மதுரை மாவட்டம் உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து சிறுவர்கள் முன்பணத்துக்கு ஈடாக மகாராஷ்டிரம், குஜராத் போன்ற மாநிலங்களில் உள்ள முறுக்குக் கம்பெனிகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டதும், பிறகு மீட்கப்பட்டதும் பல ஆண்டுகளாகச் செய்திகளில் வந்தவை. அதைப் பின்புலமாக எடுத்துக்கொள்வோம். நம் கதாபாத்திரம் முத்து, வயது பதினொன்று. ஏஜென்ட் ஒருவர் அவன் அப்பாவிடம் முன்பணம் கொடுத்து, சோலாப்பூரில் நாம் கற்பனை செய்துகொள்ளும் ஒரு முறுக்குக் கம்பெனியில் அவனைச் சேர்த்திருக்கிறார். ஏழு மாதம் கழித்து ஓர் இரவில் அவன் தப்பிக்கிறான்.

முன்பணம் வாங்கியது அவன் அப்பா என்ற ஒரு தகவல் கதைக்குள் வந்ததும் எல்லாம் திரும்பிவிடுவதைக் கவனியுங்கள். முத்து ஓடிச் சேர நினைக்கும் வீடே ஆபத்தான இடமாகிவிடுகிறது. அப்பாவைக் கெட்டவராக்க வேண்டிய அவசியமும் இல்லை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி அத்தகைய கடனைத் திருப்பித் தரும் கடமையே கிடையாது. அது அப்பாவுக்குத் தெரியாது, ஏஜென்டுக்கு நன்றாகத் தெரியும். ஏஜென்டின் அதிகாரம் முழுவதும் அந்த அறியாமையின் மேல்தான் நிற்கிறது என்பதால், அதை உடைக்கும் காட்சியை நாவலின் பிற்பகுதிக்கு எடுத்து வையுங்கள்.

அடுத்து, ஆண்டையும் தேதியையும் குறியுங்கள்

புதியவர்கள் "சமீபத்தில்" என்ற காலத்தில் கதையை நடத்துகிறார்கள். சஸ்பென்ஸ் நாவலுக்கு அது ஆகாது, ஏனென்றால் இந்த வகையில் வாசகர் கதாபாத்திரத்தோடு சேர்ந்து மணிக்கணக்குப் பார்ப்பவர். நான் 2016 நவம்பர் 13ஆம் தேதி இரவைத் தேர்ந்தெடுப்பேன். காரணம், முத்து தப்பிக்கும்போது முதலாளியின் சட்டைப் பையிலிருந்து ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். நவம்பர் 8ஆம் தேதி நள்ளிரவோடு பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. அடுப்பறையை விட்டு வெளியே வராத சிறுவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அந்த நோட்டு சட்டைப் பையில் அநாதையாகக் கிடந்ததே அது செல்லாமல் போனதால்தான். ரயில் டிக்கெட் கவுண்டரில் சில வாரங்கள் வரை அதை வாங்கிக்கொண்டார்கள், ஆனால் ஒரு பன் வாங்கப் போனால் டீக்கடைக்காரர் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். சிறுவன் தன்னிடம் பெரும்பணம் இருக்கிறது என்று நினைக்க, அது வெறும் காகிதம் என்று வாசகருக்குத் தெரியும். ஒரு துப்பாக்கியைக் காட்டி வரவழைக்க முடியாத பதற்றம் இதில் வருகிறது.

ஆண்டு முடிவானதும் அந்த ஆண்டுக்குரிய நிலவரங்களைச் சரிபார்க்க வேண்டும். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டது, அதில் மீண்டும் தேனி வரை ரயில் ஓடியது 2022இல்தான். எனவே 2016இல் முத்துவின் ஊர்ப்பக்கம் ரயிலே கிடையாது, ரயில் என்றால் அவனுக்கு ஏஜென்டோடு போன அந்த ஒரு பயணம் மட்டுமே. அரக்கோணம் அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்தது, ராணிப்பேட்டை மாவட்டம் 2019இல்தான் வந்தது. இப்படி ஒரு பிழை இருந்தால் வாசகர் உங்களுக்குக் கடிதம் எழுத மாட்டார். புத்தகத்தை மூடிவிடுவார்.

பாதையைச் சிறுவனின் கண்ணால் வரையுங்கள்

பழைய ரயில்வே கால அட்டவணை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். சோலாப்பூரிலிருந்து வாடி, ராய்ச்சூர், குண்டக்கல், ரேணிகுண்டா, அரக்கோணம் வழியாகச் சென்னை வரும் பாதை எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல், விரைவு வண்டியில் ஏறக்குறைய பதினான்கு, பதினைந்து மணி நேரம். இந்த நீளம் நாவலின் நடுப்பகுதிக்குப் போதுமானது. ஒவ்வொரு நிலையத்துக்கும் எதிரே மூன்று செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: வண்டி எத்தனை நிமிடம் நிற்கும், பகலா இரவா, அங்கே பேசும் மொழி என்ன.

மூன்றாவதுதான் முக்கியம். முத்துவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், வேறு எதுவும் தெரியாது. நிலையப் பெயர்ப்பலகையில் அந்த மாநில மொழியும் இந்தியும் ஆங்கிலமும் இருக்கும் என்பதால், மராட்டி, கன்னடம், தெலுங்கு என்று எழுத்துகள் மாறிக்கொண்டே போகும், திருத்தணியை நெருங்கும் வரை அவனால் ஒரு பலகையையும் படிக்க முடியாது. "வண்டி ஆந்திராவுக்குள் நுழைந்தது" என்று நீங்கள் எழுதினால் அது உங்கள் கண். "மேலே கொண்டை வைத்த எழுத்துகள் போய், வேறு மாதிரி வட்டமான எழுத்துகள் வந்தன" என்று எழுதினால் அது அவன் கண். மஞ்சள் பலகையில் முதல்முறையாகத் தமிழ் எழுத்து தெரியும் இடம் நாவலின் உச்சங்களில் ஒன்றாக அமையலாம். அந்தக் காட்சியில் யாரையும் ஓட விடாதீர்கள், அவன் எழுத்துக்கூட்டட்டும்.

மொழியை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம், இந்த எடுத்துக்காட்டின் நரம்பே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாஷை தெரியாத ஊரில் தமிழ்க் குரல் கேட்டால் சிறுவன் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளத்தான் நினைப்பான். ஆனால் அவனைத் தேடி வருபவர்களும் அதே தமிழைத்தான் பேசுவார்கள், அதுவும் அவன் ஊர்ப்பக்கத்துத் தமிழை.

காப்பாற்றுபவருக்கு ஒரு சிறிய குற்ற உணர்வு கொடுங்கள்

ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி, துணிச்சலான பெண் நிருபர், மகனை இழந்த தாய் ஆகிய மூவரையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அவர்கள் போதுமான அளவு உழைத்துவிட்டார்கள். நம் கதையில், முத்து ஏறும் அதே வண்டியில் பரிமளம் என்று ஒருவரை வைப்போம். சோலாப்பூர்ப் போர்வைகளை மொத்தமாக வாங்கி வந்து அரக்கோணத்தில் தவணைக்கு விற்பவர், நாற்பத்தைந்து வயது. படுக்கை வகுப்பில் ஒருவர் கட்டணமின்றிக் கொண்டு போகக்கூடிய சுமை 40 கிலோ, அவரிடம் இருப்பதோ அதைவிட மிக அதிகம், லக்கேஜ் புக் செய்யவும் இல்லை. டி.டி.ஆரையும் சீருடையையும் கண்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு இது போதும். இவ்வளவு அற்பமான காரணத்துக்காக ஒரு குழந்தையின் பாதுகாப்பைத் தள்ளிப்போடுகிறோமே என்ற கூச்சம் அவரை வண்டி முழுவதும் அரிக்கும்.

சட்டமும் இங்கே உங்களுக்கு ஒரு கடிகாரத்தைத் தருகிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டம், 2015இன்படி, பெற்றோரையோ பாதுகாவலரையோ பிரிந்து நிற்பதாகத் தோன்றும் குழந்தையைக் கண்டெடுத்த எவரும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகளுக்கான தொலைபேசி உதவிச் சேவையான சைல்டுலைனுக்கோ காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது குற்றம். ஆக, "பாவம், இரண்டு நாள் நம் வீட்டில் இருந்து தேறட்டும்" என்று நினைக்கும் நல்ல மனமும் சட்டத்தின் முன் மாட்டிக்கொள்ளும்.

யாருக்கு எது தெரியும் என்று ஒரு தாளில் கட்டம் போடுங்கள்

மர்மக் கதையில் வாசகருக்குத் தெரியாததை ஆசிரியர் ஒளித்து வைக்கிறார். சஸ்பென்ஸில் நிலைமை நேர்மாறானது. வாசகருக்குத் தெரிந்துவிடும், கதாபாத்திரத்துக்குத்தான் தெரியாது. இந்த வேறுபாடு கைவராமல் முதல் நாவல் எழுதுபவர்கள் ஏஜென்டை மறைத்து மறைத்து வைத்து, கடைசியில் "அவர்தான் இவர்" என்று திரை விலக்குகிறார்கள். வேண்டாம். ஒரு பெரிய தாளில் மேலே அத்தியாய எண்களையும் பக்கவாட்டில் முத்து, பரிமளம், ஏஜென்ட், அப்பா, வாசகர் என்று ஐந்து வரிசைகளையும் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் அவரவருக்கு அப்போது தெரிந்த புதிய தகவலைக் குறியுங்கள். வாசகர் வரிசையில் இருந்து முத்துவின் வரிசையில் இல்லாதது எதுவோ, அந்த அத்தியாயத்தின் பதற்றம் அதில்தான் இருக்கிறது. இரண்டு வரிசையும் ஒன்றாகிவிட்ட அத்தியாயத்தைச் சுருக்குங்கள் அல்லது எடுத்துவிடுங்கள்.

என் முதல் வரைவில் ஒரு காட்சி இப்படி இருந்தது: "குண்டக்கல்லில் ரயில் நின்றது. முத்து பயத்தில் நடுங்கினான். ஏஜென்டின் ஆள் ஒவ்வொரு பெட்டியாகத் தேடிக்கொண்டு வந்தான். முத்துவின் இதயம் படபடவென்று அடித்தது." எல்லாச் சொல்லும் சரி, ஒன்றும் நடக்கவில்லை. திருத்தி எழுதும்போது முந்தைய அத்தியாயத்திலேயே, முத்து ஒருபோதும் பார்த்திராத ஏஜென்டின் மைத்துனர் புதுக் கோலாப்பூர்ச் செருப்பு மாட்டிக்கொண்டு அதே வண்டியில் ஏறுவதை வாசகருக்குக் காட்டிவிட்டேன். பிறகு காட்சி இப்படி ஆயிற்று:

"போர்வை மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் முத்து முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஜோடி தோல் செருப்பு, இன்னும் மெருகு போகாதது. 

'தமிழாக்கா நீங்க?' என்றது செருப்புக்கு மேலேயிருந்த குரல். 

'ஆமா, அரக்கோணம்.' 

'நல்லதாப் போச்சு. நம்ம பேச்சக் கேட்டாலே பாதிப் பசி அடங்கிப்போகுது. சாப்பிட்டீகளா?' 

சாப்பிட்டாயா என்று பெரியவர் ஒருவர் தமிழில் கேட்டு அவன் காதில் விழுந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. முத்து மெல்லத் தலையைத் தூக்கினான்."

நடுக்கம், படபடப்பு என்று ஒரு சொல்கூட இல்லை என்பதைப் பாருங்கள். முத்துவுக்குப் பயமே இல்லை, ஆறுதல்தான் இருக்கிறது. பயப்பட வேண்டியவர் வாசகர். இதை எழுதப் பழகிவிட்டால் பாதி நாவல் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

சிறுவனைச் சுமையாக எழுதாதீர்கள்

மீட்புக் கதைகளில் குழந்தை பெரும்பாலும் ஒரு பார்சல்போல ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டிருக்கும். முத்துவுக்குச் சொந்தமாக ஒரு கணக்கு இருக்க வேண்டும், அது தப்பாகவும் இருக்க வேண்டும். தப்பி வந்த குழந்தை பெயரை மாற்றிச் சொல்லும், ஊரை மாற்றிச் சொல்லும், கேட்பவர் முகத்தைப் பார்த்துக் கதையைத் திருத்தும். இதைக் குறும்பாக எழுதாமல், அவன் கற்ற தற்காப்பாக எழுதுங்கள். உடல் விவரங்களில் சிக்கனமும் துல்லியமும் வேண்டும்: எண்ணெய் தெறித்த புள்ளிகள் நிறைந்த முன்கை, அடுப்புப் பக்கம் இருந்தே பழகியதால் ரயில் ஜன்னல் காற்று தாங்காமல் நடுங்கும் உடம்பு, எத்தனை முறை கழுவியும் போகாத காறல் வாடை. அந்த வாடையே அவனைக் காட்டிக்கொடுக்கும் தடயமாகவும் ஆகலாம். அடி, சூடு இவற்றை விரிவாக வர்ணிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தழும்பு ஒன்றைப் பரிமளம் பார்த்து, கேட்காமல் விட்டாலே வாசகருக்குப் புரியும்.

ஏஜென்டும் அப்படியே. மீசையும் வெட்டுத் தழும்பும் வேண்டாம். ஊரில் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் மொய் எழுதுபவர், அவசரத்துக்குப் பணம் கேட்டால் இல்லை என்று சொல்லாதவர். இத்தனை பையன்களை அனுப்புகிறேன் என்று முதலாளியிடம் அவரும் பணம் வாங்கியிருக்கிறார், ஒருவன் குறைந்தால் பதில் சொல்ல வேண்டும்.

பிடிபட்ட பிறகு தொடங்கும் கதை

இங்கேதான் நான் முதல்முறை தடுக்கி விழுந்தேன். சிறுவனைப் போலீஸாரிடம் ஒப்படைத்ததும் சுபம் போட்டுவிட்டேன். குழந்தைகள் நலத் துறையில் வேலை பார்க்கும் நண்பர் படித்துவிட்டு, "சார், எங்களுக்கு வேலை ஆரம்பிக்கிற இடத்துல நீங்க கதைய முடிச்சிட்டீங்க" என்றார்.

ரயில் நிலையத்தில் இரண்டு வகைச் சீருடைகள் உண்டு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசைச் சேர்ந்தது, தனியாக நிற்கும் குழந்தைகளை மீட்டு ஒப்படைப்பது அதன் பணிகளில் ஒன்று. ஆள்கடத்தல் போன்ற குற்றத்துக்கு வழக்குப் பதிபவர்கள் மாநிலக் காவல்துறையைச் சேர்ந்த இருப்புப்பாதைக் காவலர்கள். இரண்டையும் ஒன்றாக்கி எழுதப்பட்ட நாவல்களுக்குக் கணக்கே இல்லை. மீட்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழந்தையை யாரிடம், எங்கே விடுவது என்று முடிவு செய்யும், தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது. குழு கூடாத நேரத்தில் தனி உறுப்பினர் ஒருவரிடமும் முன்னிறுத்தலாம் என்பதால், அகால வேளையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டும் காட்சி உங்களுக்குச் சட்டபூர்வமாகவே கிடைக்கிறது. பிறகு சிறுவன் குழந்தைகள் இல்லத்தில் தங்குவான், அவன் குடும்பப் பின்னணி பற்றிய சமூக விசாரணை அறிக்கை கேட்கப்படும், சொந்த மாவட்டமான மதுரையில் வீட்டு நிலவரம் பார்க்கப்படும், அங்குள்ள குழுவுக்கு அவன் மாற்றப்படுவான்.

இந்த நாள்களில் ஏஜென்ட் என்ன செய்வார்? ஜீப்பில் வந்து தூக்கிப் போக மாட்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆதார் அட்டையோடு, முத்துவின் அப்பாவையே கூட்டிக்கொண்டு வருவார். "என் மகன், அனுப்பி வைங்க சார்" என்று அப்பாவே கைகூப்பி நிற்பார், பின்னால் பெஞ்சில் ஏஜென்ட் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். முத்து அப்பாவைப் பார்க்கிறான், ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் துடிக்கிறான், கட்டிக்கொண்டால் திரும்பவும் அந்த அடுப்பறைதான் என்பது வாசகருக்குத் தெரியும். எண்ணூறு கிலோமீட்டர் துரத்தலைவிட அந்த நான்கு சுவர் அறை பதற்றமானது. கடன் செல்லாது என்ற செய்தியை யார், எப்போது, அப்பாவுக்குப் புரியும் சொல்லில் சொல்வார்கள் என்பதை நீங்கள் எடுத்து வைத்தீர்கள் அல்லவா, அதை வைக்கும் இடம் இதுதான். குழு உறுப்பினர் சட்டப்பிரிவு எண்ணைச் சொல்லும் வசனமாக எழுதிவிடாதீர்கள், "நீங்க அவருக்கு ஒத்த ரூவா தர வேண்டியதில்ல" என்றாலே போதும்.

உண்மைச் சம்பவத்திலிருந்து எழுதுகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. விசாரணையில் உள்ள, மீட்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் முதலிய அடையாளங்களை ஊடகங்களில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது, மீறினால் சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. பெயரை மட்டும் மாற்றிவிட்டு, தெருவையும் தலைமை ஆசிரியரையும் அப்படியே விட்டுவைப்பது மாற்றம் ஆகாது. ஊர், வயது, குடும்ப அமைப்பு மூன்றையும் மாற்றுங்கள்.

எழுதும் வரிசையும் திருத்தமும்

தமிழில் இவ்வகை நாவலுக்கு ஐம்பதாயிரம் சொல் போதும் என்பது என் கணிப்பு, அதற்கு மேல் போனால் ரயில் தாமதமாகிறது என்று பொருள். குழுவின் முன் நடக்கும் காட்சியை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதை நோக்கி மற்றவற்றை எழுதுவது புதியவர்களுக்கு எளிது. உரையாடல்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பரிமளத்தின் வடாற்காட்டுப் பேச்சும் ஏஜென்டின் மதுரைப் பேச்சும் ஒன்றுபோல ஒலித்தால், யாரை நம்புவது என்ற கேள்வியே மங்கிப்போகும். அத்தியாயத்தின் கடைசி வரியில் கதவு தட்டும் சத்தம் கேட்பது தொடர்கதைக் காலத்துப் பழக்கம், புத்தகமாகத் தொடர்ந்து படிப்பவருக்கு நான்காவது கதவிலேயே சலித்துவிடும்.

வரைவு முடிந்ததும் ஒவ்வொரு பக்க ஓரத்திலும் பென்சிலால் தேதியும் மணியும் குறித்துக்கொண்டு, அந்த ஆண்டின் தினசரி காலண்டரோடு ஒப்பிடுங்கள். என் வரைவில் முத்து நவம்பர் 14 இரவு அரக்கோணம் சரக்குக் கொட்டகைக்கு வெளியே, கும்மிருட்டில், யார் கண்ணிலும் படாமல் படுத்துக் கிடந்தான். காலண்டரைப் பார்த்தால் அன்று பௌர்ணமி. அதுவும் 1948க்குப் பிறகு நிலா பூமிக்கு அவ்வளவு அருகில் வந்த இரவு, ஊரே மொட்டை மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு, சிறுவனைக் கொட்டகைக்கு உள்ளே, கூரை ஓட்டையின் வெளிச்சம் விழாத மூட்டைக்குப் பின்னால் படுக்க வைத்து மறுபடி எழுதினேன்.